ஊர்க்கை எடுக்காத ஊர்

நண்டுமேட்டுக் குப்பத்தில் பணம் கொட்டின காலம் ஒன்று இருந்தது. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பழவேற்காட்டு ஏரியில் மூணு பக்கம் தண்ணியும் ஒரு பக்கம் சவுக்குமாகக் கிடக்கிற அந்தத் துண்டு மணலிலா பணம் என்பார்கள். ஆமாம், அங்கேதான். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதில் இறால் என்கிற எறாவுக்கு வந்த மவுசு அப்படி. அதுவரை விலைபோகாமல் மணலில் காயப்போட்டு வைத்திருந்த எறாவை, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினால் வெள்ளைக்காரன் ஆசையாய்த் தின்கிறான் என்று மெட்ராஸிலிருந்து ஆள் வந்து நின்றது.

வந்த ஆள் வரதன், ஒரு எறா கம்பெனியின் ஏஜெண்டு. கரையில் கால் வைத்ததுமே விஷயத்துக்கு வந்துவிட்டான். இந்தக் கரை எறாவெல்லாம் அவனுக்கு மட்டும் போடவேண்டும். அதற்கு அவனவன் எறாவுக்கு உண்டான விலை தனி. அது போக, வருஷா வருஷம் ஊருக்கென்று மொத்தமாக ஒரு தொகை. அந்தத் தொகையை அவன் சொன்னபோது ஊர் ஆம்பிளைகள் வாயைப் பிளந்ததில் ஈ போய்வந்திருக்கலாம்.

ஊருக்குப் பெரியதனம் மணவாளன். பெரியதனம் என்றால் மாடமாளிகை ஒன்றும் கிடையாது. சண்டை வந்தால் கூப்பிடுவார்கள், சாவு விழுந்தால் முதல் சேதி சொல்லுவார்கள், ஊர்ப் பணத்தை அவன் பொறுப்பில் விடுவார்கள். தங்கமான மனுஷன். யார் வந்து எதைக் கேட்டாலும் "இல்ல" என்ற சொல் அவன் வாயில் வராது. ஒரு ஊரை வைத்து மேய்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய கோளாறு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஊர்ப் பணம் என்பது அதுவரை ஊர்க்கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கரைக்கு வருகிற ஒவ்வொரு வலையிலும், வேறு எதற்கும் முந்தி, ரெண்டு கையும் சேர்த்து ஒரு அள்ளு அள்ளி ஊர்க்கூடையில் போட்டுவிட வேண்டும். அதுதான் ஊர்க்கை. கூடையை அங்கேயே ஏலம் விட்டு, அதில்தான் கங்கையம்மனுக்கு விளக்கு, அக்கரைக்குப் போய்வருகிற ஊர்ப் படகுக்குத் தாரு, தண்ணியில் புருஷனைப் பறிகொடுத்த பொம்பிளைகளுக்கு அரிசி. எல்லாரும் கொடுத்ததால் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். அதிலும் பங்காளி அரசப்பன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு சொட்டு எண்ணெய்க்கும் பதில் சொல்லியாக வேண்டும். "வெளக்குக்கு இம்மாம் எண்ணெ இன்னாத்துக்கு அண்ணாத்தே? அம்மனுக்குக் கண்ணு தெரியலியா?" என்று கோயில் வாசலிலேயே நின்று கேட்பான். அவன் வாயை மூடுவதற்குள் மணவாளனுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

வரதன் பணம் வந்த முதல் ஆடியில், திருவிழாக் கூட்டத்தின் நடுவே மணவாளன் எழுந்து நின்றான். "இனிமே இன்னாத்துக்கு ஊர்க்கை? நம்ம ஊர்ல எவன் வலையிலயும் ஊரு கை வைக்கப்படாது, எந்தக் காலத்துக்கும்" என்றான். கரை அதிர விசிலடித்தார்கள். அம்மன் எதிரே கற்பூரம் ஏற்றி, ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராக வந்து உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். அந்தக் கரையில் அதற்கு மேல் பெரிய சத்தியம் கிடையாது. கற்பூரம் அணைத்த வாக்கை மீறினால் வீட்டுக் கொழந்தை குட்டிக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

மணவாளன் அணைத்தபோது மனசுக்குள் இன்னொரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கும் கனகாம்பாளுக்கும் பிறந்தது நாலு. நாலும் தாழம்புதருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருக்கின்றன, ஒன்றுகூட அழுது கேட்டதில்லை. "ஆத்தா, ஊர்ல யார் வலையிலயும் நான் கை வைக்கல. எங்கையில ஒரே ஒரு புள்ளைய மட்டும் குடுத்துடு." இது அவனுக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கட்டின பொண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் நாலைந்து வருஷம் ஊர் வாழ்ந்த வாழ்வைக் கேட்பானேன். கூடை தூக்கிச் சந்தைக்கு ஓடிக்கொண்டிருந்த பொம்பிளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள், எறாவைத்தான் வரதன் கரையிலேயே எடை போட்டு வாங்கிப் போய்விடுகிறானே. வீட்டுக்கு வீடு நைலான் வலை, ஓலை போய் ஓடு, மூலைக்கு மூலை டிரான்சிஸ்டர். ஊர்ச் செலவும் கூடவே ஏறியது. படகில் போகக் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். கோடிவீட்டுக் குப்பாயி மாதிரி புருஷனை இழந்தவர்களுக்கு அரிசி இரண்டு மடங்கு. திருவிழாவுக்குப் பத்து ராத்திரி கூத்து, ஊருக்கே சொந்தமாய் ரேடியோ செட்டு. எதை எடுத்துத் தப்பு என்று சொல்லுவது? தனித்தனியாய்ப் பார்த்தால் எல்லாம் நல்ல காரியம்தான், அதுதானே பேஜாரே. ஒருத்தரும் தன் வலையிலிருந்து கொடுக்கவில்லை, அதனால் ஒருத்தரும் கேட்கவில்லை. அரசப்பன்கூட வாயைத் திறந்தது ஒரே தரம், தன் தெருவுக்கு இன்னொரு பெட்ரோமாக்ஸ் வேண்டும் என்பதற்காக.

செய்ததிலெல்லாம் நல்ல காரியம் குணசுந்தரியைக் கொண்டுவந்ததுதான். பொன்னேரியில் பிரசவம் பார்த்துப் பேரெடுத்த நர்சம்மா. ஊர்ச் செலவில் வீடு, மாசச் சம்பளம். அவள் வந்த பிறகு அந்தக் குப்பத்தில் ஒரு தாயும் சாகவில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, அடுத்தடுத்து. ஏரிக்கும் கடலுக்கும் வழியான முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது. கடலிலிருந்து உள்ளே வரவேண்டிய எறாக்குஞ்சு எந்த வழியாக வரும்? வரதன் தொகையைக் குறைத்தான். செலவைக் குறைக்கலாம் என்று மணவாளனுக்குத் தோன்றாமல் இல்லை. குப்பாயியிடம் போய் அரிசி பாதிதான் என்று எந்த வாயால் சொல்லுவான்? கூத்து வேண்டாமென்றால் இளவட்டம் சும்மா விடுமா? அடுத்த வருஷத் தொகையை இந்த வருஷமே கைநீட்டி வாங்கினான். அதற்கடுத்த வருஷத்தையும் அப்படியே. கடைசியில் வரதன் ஐஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆந்திரக் கரைப் பக்கம் போய்விட்டான், கொடுத்ததை விடமாட்டேன் என்று ஆள்விட்டுச் சொல்லிக்கொண்டு.

ஊர் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எறா போனால் என்ன, மடவை உண்டு, நண்டு உண்டு, கெளுத்தி உண்டு. பொம்பிளைகள் மறுபடி கூடையைத் தூக்கினார்கள், வீட்டில் உலை கொதித்தது, டிரான்சிஸ்டர் பாடியது. சுற்றுவட்டாரத்தில் இன்னமும் அதுதான் பணக்காரக் குப்பம். ஊர்ப் பெட்டி மட்டும் காலி.

இந்த நேரம் பார்த்துத்தான், நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயசில், கனகாம்பாள் ஐந்தாவது தரம் உண்டானாள்.

குணசுந்தரி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பழசையெல்லாம் துருவித் துருவிக் கேட்டாள். "அக்கா, முன்ன போன நாலும் வயித்துல நல்லா இருந்ததுதான். பொறக்கற நேரத்துல கைபார்க்க ஆளில்லாம போயிருக்கு. இந்த தடவ நான் பக்கத்துல இருந்தா பொழச்சிக்கும்" என்றாள். மணவாளன் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அந்த நர்சம்மாவுக்குத்தான் ஊர் சம்பளம் தரவில்லை. இரண்டு மாசம் மணவாளன் தன் நைலான் வலையை விற்றுக் கொடுத்தான். அப்புறம் மோதிரம் போயிற்று. வலையில்லாத பெரியதனம், அரசப்பன் வலையில் கூலிப் பங்குக்கு இழுக்கப் போனான். அதுவும் தீர்ந்தபோது குணசுந்தரி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, கும்மிடிப்பூண்டி பக்கம் புதுசா பாக்டரி கட்டிக்கினு கீறாங்க இல்ல, அங்க நர்சு வேணுமாம். வெள்ளிக்கெழம படகுல போறேன். பொன்னேரில எங்கம்மா பட்டினி கெடக்குது. கோச்சுக்காதீங்க."

"நான் எப்டியாவது பெரட்டித் தரேன் நர்சம்மா."

"நீங்க ஒருத்தர் எத்தினி நாளைக்குத் தருவீங்க? இன்னும் ரெண்டு பொண்ணுங்க மாசமா கீறாங்க. ஊரு தரணும்ணா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கனகாம்பாள் அடுப்பண்டையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு தள்ளியிருந்ததால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்க முடிந்தது. "இதுக்கு இன்னாய்யா இவ்ளோ ரோசன? ஊர்க்கைய திரும்ப எடுக்க வேண்டியதுதான? ஊரு முழுக்க வலை கீது."

"அது ஆவாது."

"ஏன் ஆவாது?"

"ஆவாதுன்னா உடேன்மே!" என்று கத்தினான் மணவாளன். இருபது வருஷத்தில் அவளிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தரம். அவள் திகைத்துப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. அவள் அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னா ஆச்சு? எங்கிட்ட சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். கற்பூரம் அணைத்தபோது மனசுக்குள் வேண்டிக்கொண்டதை, வேண்டியபடியே இப்போது வயிற்றில் ஒன்று வந்திருப்பதை, ஊர்க்கையை மறுபடி எடுத்தால் அம்மன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுவாள் என்பதை. "கைய வெச்சா அம்மன் எடுத்துக்குவா, வைக்கலன்னா நர்சம்மா போயிடுவா. நான் எங்கமே போவேன்?" சொல்லி முடிப்பதற்குள் குழந்தை மாதிரி விசும்பினான்.

கனகாம்பாளுக்கும் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இதைத் தனியாய்ச் சுமந்திருக்கிறானே இந்த மனுஷன் என்றிருந்தது அவளுக்கு. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கேட்டாளே ஒரு கேள்வி.

"வலைய வித்த, மோதிரத்த வித்த, அதெல்லாம் உன்னுது. ஊர்க்கை யாருதுய்யா?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"குப்பாயி சோறு அது. படகுல போற புள்ளத்தாச்சிங்களுது. அத்த வெச்சா எனக்குப் புள்ள வேண்டிக்கின? வேண்டிக்கறவன் தன் ஊட்ல கீறதத்தான் குடுப்பான். அடுத்தவங்க சோத்த எடுத்து எவனாவது வேண்டுதல் வெப்பானா?"

"அப்ப அம்மன் கோச்சுக்க மாட்டாளா?"

"கோச்சுக்கினா எங்கிட்ட வந்து கோச்சுக்கட்டும். வயிறு என்னுது, நான் பேசிக்கறேன் அவகிட்ட. நீ போய் ஊரண்ட பேசு."

சொல்லும்போது அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. யாரும் பிடுங்கிவிடாதபடி பொத்திப் பிடித்திருந்ததை அவன் பார்த்தான். பார்த்ததை அவன் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வலைகள் கரையேறுகிற வேளைக்கு மணவாளன் ஊர்க்கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். எந்த மூலையிலோ கிடந்து அடி பிய்ந்திருந்தது, சாக்கைப் போட்டுத் தைத்திருந்தாள் கனகாம்பாள். அதை மணலில் வைத்துவிட்டு, கூடியவர்கள் முன்னால் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். தன் வேண்டுதலையும் சொன்னான். "எனக்குச் சொந்தமில்லாதத குடுத்துட்டேன். எனக்குப் புள்ள இல்லன்ற ஏக்கத்துல உங்க கையயும் கற்பூரத்துல வெக்க வெச்சேன். என்னை மன்னிச்சிடுங்க. இனிமே ஊர்க்கை எடுக்கணும். இல்லன்னா நர்சம்மா இல்ல, படகு இல்ல, ஒண்ணும் இல்ல."

அரசப்பன்தான் முதலில் எகிறினான். "உன் பேச்ச கேட்டு சத்தியம் பண்ணோம். இப்ப உன் பேச்ச கேட்டு மீறணுமா? எங்க ஊட்டு புள்ளைங்களுக்கு இன்னா ஆவும்? சொல்லு அண்ணாத்தே!"

"தெரியாதுடா. எனக்கும் பயமாத்தான் கீது."

இதைச் சொல்லிவிட்டு மணவாளன் அன்றைக்குத் தனக்குக் கிடைத்த கூலிப் பங்கின் பக்கம் போனான். மொத்தமே கொஞ்சம் மடவை. அதில் ரெண்டு கையும் சேர்த்து அள்ளிக் கூடையில் போட்டான். மிச்சம் வீட்டுக்குக் குழம்புக்குக்கூடக் காணாது. பொண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி என்று ஊருக்கே தெரியும், அவன் எதை வைத்து இந்தக் காரியத்தைச் செய்கிறான் என்பதும் இப்போது ஊருக்கே தெரியும். ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

அரசப்பன் தலையைச் சொறிந்தான், காறித் துப்பினான், கூடையைச் சுற்றி வந்தான். "நான் போட்டா கணக்கு கேப்பேன்" என்றான்.

"கேளு."

"தெனம் கேப்பேன். எண்ணெ எவ்ளோ, அரிசி எவ்ளோ, எல்லாம் கேப்பேன். அந்த ரேடியோ செட்ட வித்துத் தொலைக்கணும், கூத்து ஒரே ராத்திரிதான்."

"கேளுடா அரசப்பா. நீ கேக்காம உட்டதாலதான் நான் கெட்டேன்."

அரசப்பன் தன் வலையிலிருந்து ஒரு அள்ளு அள்ளினான். அள்ளினதில் பெரிய நண்டு ஒன்றைப் பார்த்து, அதை மட்டும் எடுத்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கூடையில் போட்டான். யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் இன்னொரு வலை வந்தது. எல்லா வலையும் வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். கூடையைப் பார்க்காத மாதிரி மீனைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு, பல மாசம் அப்படிப் போனார்கள். வரதன் கடன் அடைய அதற்கப்புறமும் வருஷங்கள் ஆயின. குப்பாயியின் அரிசியைப் பாதியாக்கி, அதை மணவாளனே அவள் வாசலில் போய்ச் சொன்னான். அவள் திட்டித் தீர்த்தாள், தலைகுனிந்து நின்று வாங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமைப் படகில் குணசுந்தரி ஏறவில்லை. பாதிச் சம்பளம், மீதிக்கு மீன் என்று பேசி, அம்மாவையும் குப்பத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு காலை, நல்ல மழை. வலி கண்டது என்று சேதி பரவியதும் ஊர்க்கை போட்டவர்கள் ஒருத்தரும் தண்ணிக்குப் போகவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மணவாளன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவும் இல்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது நம்மால் ஆனது என்கிற நினைப்பு அத்தனை பேர் முகத்திலும் இருந்தது. மணவாளன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அரசப்பன்.

உள்ளே கனகாம்பாளின் கத்தல் நின்றது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மழை மட்டும் கொட்டியது. நாலு தரம் இதே மாதிரி நின்று இதே அமைதியைக் கேட்டவன் மணவாளன். வேலியை விட்டுவிட்டு வாசலை நோக்கி அடியெடுத்தான். அரசப்பன் அவன் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "இரு அண்ணாத்தே. நர்சம்மா கீறாங்க. இரு" என்றான்.

உள்ளே குழந்தையின் கழுத்தைத் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. குணசுந்தரி விரலை விட்டு ஒரு சுற்றை எடுத்தாள், இன்னொரு சுற்றையும் எடுத்தாள், நீலம் பாய்ந்த அந்தத் துண்டு உடம்பைக் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் ஒன்று வைத்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். மறுபடி ஒன்று வைத்தாள்.

வீல் என்று ஒரு சத்தம்.

மணவாளன் முதலில் அதை நம்பவில்லை. கடற்காக்கை கத்துகிறது என்றே நினைத்தான். இரண்டாவது வீல் வந்தபோதுதான் உள்ளே ஓடினான். சாணித் தரையில் கனகாம்பாள் வேர்வையும் கண்ணீருமாய்க் கிடந்தாள், நெஞ்சின்மேல் செக்கச்செவேலென்று ஒரு பெண் குழந்தை வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் மண்டியிட்டான். தொடப் பயமாயிருந்தது. "தொடுய்யா, கடிக்காது" என்றாள் அவள். ஒரு விரலால் குழந்தையின் காலைத் தொட்டான். சூடாயிருந்தது.

"அம்மன் குடுத்துட்டாளேமே" என்றான். வேறு வார்த்தை வரவில்லை.

வெளியே யாரோ ஓவென்று வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. கனகாம்பாள் தலையைத் திருப்பினாள். "யாருய்யா அது, சாவு ஊட்ல அழுவற மாதிரி?"

"அரசப்பன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. பிள்ளை பெற்ற அறைக்குள் பங்காளி ஆம்பிளை கால் வைக்கிற வழக்கம் அந்தக் குப்பத்தில் கிடையாது. குணசுந்தரிகூட வேண்டாமென்று தலையாட்டினாள். கனகாம்பாள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, குழந்தையின் முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.

"உள்ள கூப்புடு அவன. எல்லாரையும் கூப்புடு. குடுத்தவங்க வந்து பாக்கட்டும்."